மேலொரு மூட்டு, கீழொரு மூட்டு

ஜூன் 11

மழை விட்டதும் தடுப்பூசிக்கு ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வந்துவிட்டது. எனக்கும் உதவியாளர் சுயம்புவுக்கும் டீ குடிக்கக்கூட நேரமில்லை. பத்மன் வடசேரிச் சந்தையிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வாங்கி வருவதாகச் சொல்லி மறந்துவிட்டார். வீட்டுக்காரரை நம்பினால் இப்படித்தான்.

ஜூன் 14

இடக்கையால் எழுதுகிறேன். வலக்கை கட்டுக்குள்.

ஜூன் 16

எழுத்து கோணுகிறது. எழுதாவிட்டால் தலைக்குள் அதுவே ஓடுகிறது.

பன்னிரண்டாம் தேதி. மருந்தகத்தில் மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புச் சட்டத்துக்குள் பகவதியம்மாளின் பசு நின்றது. சாதுவான மாடு. சினை பார்க்கப் பின்பக்கமாகக் கையை உள்ளே விட வேண்டும். மற்ற டாக்டர்கள் இடக்கையை விடுவார்கள். எனக்கு வலக்கைதான் பழக்கம். முழங்கைவரை உள்ளே போயிருந்தது. "ரெண்டு வருஷமா சினை நிக்கல்ல டாக்டரம்மா, இந்தத் தடவையாவது நின்னுருக்கா?" என்றாள் பகவதியம்மாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பசு பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. குறுக்குக் கம்பிக்கும் மாட்டுக்கும் நடுவில் என் கை.

பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். நான் கத்தவில்லை. சுயம்பு வாலை முறுக்கி மாட்டை எழுப்பினார். கை வெளியே வந்தது. முழங்கைக்குக் கீழே அது போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். "மாட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேனாம். சுயம்பு இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

ஜூன் 19

விலகிய முழங்கையை அன்றே ஆஸ்பத்திரியில் இழுத்து வைத்துவிட்டார்கள். எலும்பின் தலையில் உடைசல், கூடிவிடும் என்றார்கள். மணிக்கட்டும் வலிக்கிறது என்றேன். "கை முழுக்க அடிதானே, அங்கேயும் வலிக்கத்தான் செய்யும்," என்றார் அங்கிருந்த டாக்டர். சரி என்றேன்.

ஜூன் 27

கட்டை அவிழ்த்தார்கள். வீக்கம் வடிந்திருக்கிறது. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அமுக்கினால் ஆர்மோனியக் கட்டைபோல் உள்ளே போய் வெளியே வருகிறது. 

எத்தனை கன்றுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். முறிவுக்கு மேல ஒரு மூட்டு, கீழ ஒரு மூட்டு, ரெண்டையும் பாக்கணும்னு சுயம்புவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்கு நான் ஏன் சொல்லிக்கல? வலிக்குன்னு சொன்னேனே. பொறவு ஏன் வாய மூடிட்டேன்?

ஜூன் 28

வேறு டாக்டர். ஆன்ஸ்லின் என்று பேர், என் வயதுதான் இருக்கும். முழங்கை, முன்கை, மணிக்கட்டு மூன்றையும் படமெடுக்கச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க இடக்கையையும். முன்கையின் இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற சவ்வு நெடுகக் கிழிந்திருக்கிறது. மேலே தலை உடைந்ததால் ஒரு எலும்பு முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது. அதனால் கீழே மணிக்கட்டு விலகிவிட்டது.

"ரெண்டு காயம்னு நெனைக்காதீங்க. ஒரே காயம்தான். ஒண்ண மட்டும் சரிபண்ணினா மத்தது அதையும் கெடுத்துரும்."

"பழையபடி ஆவுமா?" என்றார் பத்மன்.

"வலி கொறையும். உள்ளங்கைய முழுசாத் திருப்ப முடியுமான்னு இப்பச் சொல்ல மாட்டேன்."



ஜூலை 2

ஆபரேஷன் முடிந்தது. முழங்கையில் உடைந்த எலும்புத் தலைக்குப் பதிலாக உலோகத் தலை. மணிக்கட்டில் குறுக்கே கம்பிகள். விரல் அசைகிறது. அசைகிறது.

ஆகஸ்ட் 14

கம்பிகளை எடுத்தாயிற்று. கை குச்சியாகிவிட்டது.

சாயங்காலம் பகவதியம்மாள் வந்தாள். என் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினாள். மாட்டை விற்றுவிட்டாளாம். "அதுக்குத் தண்ணி காட்டப் போனா ஒங்க கைதான் ஓர்மை வருது. சினையும் நிக்காத மாடு, போட்டும்னு குடுத்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விரலில் தட்டுப்பட்டிருந்தது. சினைதான். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

இத்தனை நாளும் அந்த நினைவு எங்கே போயிருந்தது? சொல்லவில்லை. தாங்க மாட்டாள். காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 15

கோயிலில் பூசை முடித்துப் போற்றி சந்தனம் தர வந்தார். கையை நீட்டினேன். உள்ளங்கை பக்கவாட்டில் நிற்கிறது, மேலே திரும்பவில்லை. தினமும் பயிற்சியில் பார்ப்பதுதான். ஆனாலும் அந்த இடத்தில்... போற்றி காத்து நின்றார். பத்மன் தன் கையை என் கைக்கு அடியில் நீட்டி வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 30

நாளை மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். "ஆபீஸ் வேலைக்கு மாத்தல் கேளுட்டி அபி. மாட்டுப் பக்கம் இனி வேண்டாம், கேட்டியா," என்கிறார் பத்மன். கோபமில்லை, பயம். எனக்கு மட்டும் இல்லையா?

டிசம்பர் 9

வைகுண்டராஜன் என்பவர் பசு கொண்டுவந்தார். சினை பார்க்க வேண்டும். பக்கத்து மருந்தக டாக்டரை வரச்சொல்லட்டுமா என்று சுயம்பு கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்றேன்.

இடக்கையை விட்டேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. கண்ணைக் கட்டி வேறு யார் வீட்டிலோ விட்டதுபோல் இருந்தது. மாடு ஒரு கால் மாற்றி நின்றது; என் முதுகில் வேர்வை இறங்கியது. கையை எடுக்கவில்லை. பையப் பையத் தேடினேன். பிறகு விரலடியில், சினை மாட்டுக்கு மட்டும் வருகிற ரத்தக்குழாயின் அதிர்வு, விர்ரென்று.

"நாலு மாசம்," என்றேன்.

"அது எனக்கே தெரியும். ஒறப்பிக்கத்தான் வந்தேன்," என்றார் வைகுண்டராஜன். மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

சுயம்பு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மாடு போயாச்சு டாக்டரம்மா. கம்பிய விடுங்க."

குனிந்து பார்த்தேன். வலக்கை சட்டத்தின் கம்பியைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தது? விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது.