யோகத்தின் வீட்டு வரி

என் யோகத்துக்கு, மல்லி வாசம் போகாத கையால் உன் அக்கா எழுதுவது.

உன்னை எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் எரிக்க இடம் தரவில்லை. கோயில் வரி கட்டாத வீடு என்று காரணம் சொன்னார்கள். உன்னிடம் வரி கேட்காமல் விட்டதும் அவர்களேதான். இது அநியாயம். ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீயும் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டிரு.

மத்தியானத்தில் பூக்காட்டு ஓரம் வேப்பமர நிழலில் சாய்ந்தால் கண் தானாகச் சொருகிவிடுகிறது. அப்போது நீ வருகிறாய். மடி நிறைய மொட்டோடு, கால் தரையில் படாமல், செடிகளுக்கு நடுவே நடக்கிறாய். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தமும் உன் மன்னார்க் கடலின் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. அது எப்படி எனக்குள் வந்தது? நீ சொல்லிச் சொல்லித்தானே?

நீ கேட்பாய், முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் வதனி நன்றாக இருக்கிறாள். விடியலில் என்னோடு பூப்பறிக்க வருகிறாள். உன்னைப் போலவே வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே வார்த்தையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறாள். மழை இந்த வருஷம் குறையில்லை. பனி விலகாத நேரத்தில் காடு முழுக்க வெள்ளையாக மிதக்கிறது. செடி எது, பனி எது என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை.

நீங்கள் இலங்கையிலிருந்து படகேறி வந்து, சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஓரத்து அகதி முகாமில் இறங்கிய புதிதில், கோயமுத்தூர் அறக்கட்டளை ஒன்று எங்கள் பூக்காரப் பெண்கள் சங்கத்துக்குப் பணம் தந்தது. முகாம் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊரோடு ஊராக ஆகட்டும் என்றார்கள். அதில் பூக்காடு குத்தகைக்குப் பிடித்தோம். ஒரு வரிசைக்கு ஊர்க்காரி ஒருத்தி, முகாம்காரி ஒருத்தி என்று நான்தான் இறக்கிவிட்டேன். யார் முனகியும் மாற்றவில்லை.

முதல் நாளே குப்பாத்தாள் உன்னை வம்புக்கு இழுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்க அம்மணி, நீங்க பறிக்கறதப் பாத்தா மொட்டுக்குத் தூக்கம் வந்துருமுங்க!"

நீ நிமிரக்கூட இல்லை. "நீங்கள் கதைக்கிற சத்தத்தில அது எழும்பிடும் அக்கா, பயப்பிடாதேங்கோ."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்தது. அதற்குப் பிறகு உன் பக்கத்து வரிசையை அவள் யாருக்கும் விட்டுத்தரவில்லை.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வரி வாங்க வந்த கோயில் பெரியவர், ஊருக்குள் வீடு வீடாக நின்றார். முகாமைத் தாண்டிப் போனார். நீ ஓடிப்போய்க் கேட்டாய். "பாவமுங்க அம்மணி, நீங்களே ஊடு வாசல உட்டுப்போட்டு வந்திருக்கறீங்க. உங்ககிட்டப் போயி வரி கேட்டா ஆத்தா கோவிச்சுக்குமுங்க" என்றார். நல்ல மனசு என்று நாங்கள் எல்லாரும் மெச்சினோம். நீ மட்டும் முகம் வாடி வந்து உட்கார்ந்தாய்.

"கேட்டால்தானே அக்கா நாங்கள் ஊர்ச்சனம்? கேக்காட்டி விருந்தாளிதான். விருந்தாளி எத்தினை வருசம் இருக்கிறது?"

வரி கட்டிய வீட்டுப் பெண்கள்தான் நோம்பிக்கு அம்மன் முன்னால் நடுகிற கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். வரி கட்டிய வீட்டுக்குத்தான் நல்லது கெட்டதில் ஊர் கூடும். இரக்கப்பட்டே உங்களை வெளியில் நிறுத்தினோம் என்பது நீ சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சங்கமே சேர்ந்து கோயிலில் போய்க் கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் காமிராவோடு வந்தார். கலந்து உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவர்களை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல முகாம் பொம்பளைங்க யாருங்க?"

"கண்டுபிடிங்களேன்" என்றேன், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நாங்க யாருக்கு உதவி செஞ்சோம்னு எப்படிங்க காட்டறது?"

அடுத்த வருஷம் சங்கத்துக்குப் பணம் நின்றது. அதே பணத்தில் முகாமுக்குள் தனியாக ஒரு கொட்டகையும் பெயர்ப்பலகையும் வந்தன. முகாம் பெண்கள் அங்கேயே பூக் கட்டினார்கள். குத்தகைக் காடு கைவிட்டுப் போனது. நீயும் நானும் குப்பாத்தாளும் மட்டும் கூலிக்கு ஒன்றாகப் பறித்தோம். மற்ற ஊர்ப் பெண்கள் மெல்ல மெல்ல உங்கள் முகத்தை மறந்தார்கள். காய்ச்சலில் படுத்து, அது முற்றி நீ போனபோது, "யாருங்க அது, முகாமுல ஒரு அம்மணியா?" என்றுதான் ஊர் கேட்டது. நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். குப்பாத்தாள் கூட நின்றாள். இரண்டு குரல் போதவில்லை யோகம். உன்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது மறுபடி நோம்பி வருகிறது. வதனி தன் கூலியில் வரியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். "கொடு கண்ணு" என்று அவர்கள் வாயில் வரவில்லை. "பாக்கலாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அறக்கட்டளைக்காரர்களும் அடுத்த வாரம் வருகிறார்களாம், கொட்டகையைப் பெரிதாக்க.

ஆகவே சொல்கிறேன். கோயில் பெரியவர் வதனி கையிலிருந்து வரியை வாங்க வேண்டும். முகாமில் தர விரும்பும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்க வேண்டும். அறக்கட்டளை கொட்டகைப் பணத்தைச் சங்கத்துக்குத் திருப்ப வேண்டும். ஆளைப் பிரித்துக் காட்டச் சொல்லக் கூடாது. சங்கத்துப் பெண்கள் பழைய வரிசைக்கு வர வேண்டும், வீட்டில் யார் என்ன சொன்னாலும். கம்பத்துக்குப் போகிற அன்று குப்பாத்தாள் வதனியைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டுவிட்டாள்.

நான் செய்ய வேண்டியதை இன்று காலை செய்துவிட்டேன். வரி வாங்க என் வாசலுக்கு வந்தவரிடம், யோகத்தின் வீட்டில் வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு தருகிறேன் என்று கதவைச் சாத்தினேன். அவர்கள் அங்கே போகிறவரை நானும் வரி கட்டாத வீடுதான். அதற்குள் என் காலம் முடிந்தால் என்னையும் ஆற்றங்கரைக்கே கொண்டுபோகட்டும்; வதனியிடம் இடம் காட்டி வைத்திருக்கிறேன். இது என் வாக்கு.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தெய்வாத்தாள்