விலைக்கு இல்லாத ஜோடி

லொஃபோட்டன் தீவு,
ஜூன் மாதம்.

அன்பு மகன் ஆஸ்முண்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கால் முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நைஜீரியா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பு.

காயப்போட்ட மீனெல்லாம் கரையிலுள்ள கம்புப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. இந்த வருடம் காட் மீன் நல்ல வரத்து, காற்றும் ஒத்துழைத்தது. சமையலறை ஜன்னலுக்கு நேரே உனக்காக வாலோடு வால் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்ட மீன் ஜோடி மட்டும் வீணாய்ப் போயிற்று. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய். பாதி காய்ந்ததும் இறக்கி வேகவைத்து, பன்றிக் கொழுப்பை உருக்கி ஊற்றிக் கொடுத்தால்தானே உனக்குப் பிடிக்கும். இன்று வருவான், நாளை வருவான் என்று விட்டுவிட்டேன், அது முழுக்கக் காய்ந்து கட்டையாகிவிட்டது. போன வருடமும் இதே கூத்துதான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த நாட்டில் கடலைத் துளைத்தால் எண்ணெய், அருவியைத் திருப்பினால் கரண்டு. பக்கத்து வீட்டு ஹால்வார் பழைய படகுக் குடிசைக்கு வெள்ளையடித்து ஜெர்மன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டே புது வண்டி வாங்கிவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் நம் குளிருக்கும் மலிவுக் கரண்டுக்கும் ஆசைப்பட்டு யாரோ பெரிய கணினிக் கூடம் கட்டுகிறார்கள். ஊருலகமே தொழில் செய்ய இங்கே வருகிறது, இங்கே பிறந்தவன் அங்கே ஆபா சந்தையில் மீன் தலை விற்கிறான். "மீன் உடம்பு இத்தாலிக்குப் போவுது, தலை நைஜீரியாவுக்குப் போவுது, உம் மவன் தலையோடயே போயிட்டான்" என்று ஹால்வார் கிண்டல் செய்கிறான். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

சால்மன் வளர்க்கிற கம்பெனிக்காரர் நம் கரையை விலைக்குக் கேட்கிறார் என்று போனில் சொன்னேன் அல்லவா. பரணைப் பிரித்துவிட்டுத் தொட்டி கட்டுவார்களாம். நல்ல இடம், நல்ல விலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயோ "உன் இஷ்டம்மா" என்று முடித்துவிட்டாய். நான் யோசனை கேட்கவா போன் செய்தேன். விற்காதே, வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்றுதான் காத்திருந்தேன். அன்றைக்கே மனம் விட்டுப்போய், கையெழுத்துப் போட வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வருவதற்குள், காய்ந்த மீன் தலைகளை வாங்கிப்போகிற ஒபியாகேலி ஆபாவிலிருந்து வந்தாள். ஒவ்வொரு தலையாக முகர்ந்து பார்த்து ஒதுக்கிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசினாள். "உங்க பையன் கடை வாசல்ல ஒரு முழு ஜோடி தொங்குதும்மா, எவ்வளவு கொடுத்தாலும் தர மாட்டேங்கிறான். காலையில கதவத் தொறந்ததும் மூஞ்சிய அதுகிட்ட கொண்டுபோயி நிப்பான். கிறுக்கன்னு நாங்க சிரிப்போம்" என்றாள். எப்படிக் கட்டியிருக்கிறான் என்று கேட்டேன். கயிற்றை வாங்கிக் கட்டிக் காட்டினாள். வாலைச் சுற்றி அடிவழியாகத் திருப்பி இழுக்கிற உன் அப்பா முடிச்சு. நம் பரணைத் தவிர வேறெங்கும் அதை யாரும் போடுவதில்லை. கம்பெனிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீணாய்ப் போன அந்த ஜோடியை ஒபியாகேலியிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் ஊறவைத்துச் சாப்பிடு. இதையும் கொண்டுபோய் வாசலில் கட்டாதே. அடுத்த குளிர்காலத்தில் உனக்கென்று நான் ஜோடி கட்டப்போவதில்லை. ஜன்னலுக்கு நேரே உள்ள கம்பை மட்டும் காலியாக விட்டுவைப்பேன். வந்து நீயே கட்டு.

நோய் நொடி அண்டாமல், கடை செழித்து நன்றாக இரு. கொசுவலை கட்டாமல் படுக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா சோல்வைக்