கவிழ்த்த சிரட்டை

தெரணியகலை
02.02.2025

அன்புள்ள மருமகள் அனுஷியாவுக்கு,

நலம். இதில் எழுதப்போவதை எவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். உன் நாவலை ஒரே மூச்சில் படித்தேன். உன் அத்தை அடுப்பில் வைத்த சோறு கரியாகி, சாம்பலாகி, சாம்பலில் புல் முளைத்த பிறகுதான் தலை தூக்கினேன்.

நான் சொன்ன கதை, றப்பர் மரத்துக்குள் தூங்கும் ராசாத்தியின் கதை! முதல் பாதியில் பெருமையால் நெஞ்சு விரிந்து, லயத்து வீட்டுக் கதவைக் கழற்றித்தான் என்னை வெளியே எடுத்தார்கள். அப்புறம் வந்தான் உன் வெள்ளிச் சிறகு இளவரசன். பக்கத்துக்குப் பக்கம் அரை வாயால் சிரிக்கிறான். பல்வலியா அவனுக்கு?

அதுகூடப் போகட்டும். இலை உதிரும் மாதத்தில் மரம் ஓயட்டும் என்று மரத்தில் கட்டிய பால் சிரட்டையைக் கவிழ்த்து வைப்போம். கவிழ்ந்திருந்தால் கத்தி வைக்கக் கூடாது. அதை நிமிர்த்த வந்த ஏழு ராசாக்களையும் என் கதையில் அட்டைகள் உறிஞ்சிக் கருவாடாக்கின. உன்னவன் நிமிர்த்துகிறான், வெட்டுகிறான். அவள் விழித்து அவனையே காதலிக்கிறாள். மாற்று.

ராசாக்கள் சிரட்டையில் வைத்த பலகாரத்தைத் தின்று கொழுத்த அணிலை நீக்கியிருக்கிறாய். அது நல்லதுதான்.

மாமா,
சுந்தரலிங்கம்

கேகாலை
09.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் புத்தகத்தை "மாற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கோபமாக வருகிறது. ஒரு நாள் சிறுத்தை, மறுநாள் யானை என்று தினமும் மாற்றிச் சொன்னது நீங்கள்தானே? என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இளவரசனைத்தான் பிடித்திருக்கிறது. விடாமல் வருகிறானே, அதுதான் காதல்.

ஆனால் அம்மா சிரட்டை வரும் இடத்தில் தாள்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். நான் என்னதான் எழுதிவிட்டேன்?

அனுஷியா

கேகாலை
13.02.2025

மாமா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் அம்மாவே சொல்லிவிட்டார். பத்தொன்பது வயதில் பால் வெட்டப் போனபோது, மலையில் வேலையை மேற்பார்க்க வந்த சுப்பவைசர் அவர் மரத்துச் சிரட்டையில் தினமும் டொபி மிட்டாய் வைப்பானாம். "நான் கவுத்து வச்சத அவன் தெனம் நிமுத்துனான். நீ அவனுக்கு ரெக்க வச்சிட்டியே, பிள்ள" என்றார். கடைசியில் எல்லோர் முன்னாலும் அவன் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கிக் கவிழ்த்தாராம். அதற்குத் தண்டனையாக நாலு வருஷம் உச்சி மலையில் வேலை.

அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இளவரசன் போகிறான். ஆசையாக எழுதியவனை வெட்டுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது. உங்கள் மேல் அதைவிட எரிச்சல். இதை ஏன் கதையாகவே சொன்னீர்கள்? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அனுஷியா

தெரணியகலை
18.02.2025

அன்புள்ள அனுஷியா,

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டில் அக்காவுக்கு உச்சி மலை என்று சொன்னபோது, நான் இரண்டு ஆள் தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. நான் செய்யாததைச் செய்யத்தான் பிறகு அட்டைகளை அழைத்து வந்தேன்.

சோற்றில் புல் முளைக்கவில்லை. கதவைக் கழற்றவில்லை. ராசாக்கள், கருவாடு, எல்லாம் என் புளுகு. அந்த அணிலை மட்டும் திரும்பச் சேர்த்துவிடு. நல்லதாகக் காட்ட வேண்டாம். அது நிஜம். அதற்கு அப்போது பதினேழு வயது. பக்கத்து வரிசையில் பால் வெட்டிக்கொண்டு, அக்கா தொடாத டொபியை எல்லாம் தின்றுகொண்டிருந்தது.

மாமா