காதைச் சொறிந்து வாங்கிய கோப்பை

குமாரபாளையம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கிருத்திகாவுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடி இருக்கிறோம், என் வலது முட்டியை மட்டும் இதில் சேர்க்காதே, அது வீங்கிக் கிடக்கிறது. டப்ளின் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், ஒழுங்காக உட்கார்ந்து படி. சேலத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு நடந்த கூடைப்பந்துப் போட்டியில் உன் அம்மாவின் அணி கோப்பை வாங்கிவிட்டது!

நீ விட்டுப்போன பந்தை வைத்துக்கொண்டு, விசைத்தறி ஓட்டும் நாங்கள் சில பேர் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவது உனக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பது விளையாட்டு டீச்சர் வித்யா, உன்னைவிடச் சின்னவள், ஆனால் வாய் பெரிசு. "பந்தைக் குனிஞ்சு பாக்காதீங்கக்கா, அது எங்கயும் போயிராதுங்க, எதுர்ல ஆளைப் பாருங்க" என்று அவள் விரட்டி விரட்டியே எங்களுக்குத் தட்டிக்கொண்டு ஓட வந்தது. தெருவில் சும்மா விட்டார்களா? உன் அப்பாவே, "ஏம்புள்ள, இந்த வயசுல பந்தைத் தூக்கிட்டுத் திரியோணுமா" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

முதல் லீக் ஆட்டம் சேலத்து அணியோடு, எல்லாரும் காலேஜில் ஆடியவர்கள். கேவலமாகத் தோற்றோம். காரணம் எங்கள் தொண்டைதான். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகியவர்கள் அல்லவா, "பாப்பாயி, எடது பக்கம் ஓடு, தூக்கிப் போடறேன்" என்று நான் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது. பாப்பாயி போய்ச் சேருமுன் அங்கே அவர்கள் ஆள் இரண்டு பேர் நிற்கிறார்கள். கடைசிவரை இதே கூத்து. இந்தப் போட்டியில் வெறுங்கையோடு வந்தால் அணியைக் கலைத்துவிடுவது என்று திரும்பும்போது வேனிலேயே முடிவாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. தறிக்கும் அடுப்புக்கும் நடுவே எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தானே.

மறுநாள் தறிக்கூடத்தில் எதிர் வரிசையில் நின்ற பாப்பாயி என்னைப் பார்த்துக் காதைச் சொறிந்தாள். முதலாளி வருகிறார் என்று அர்த்தம், தறி ஓடும்போது நாங்கள் எல்லாமே சைகையில்தானே பேசுவோம். எனக்குச் சுரீரென்று உறைத்தது. அன்றைக்கே பேசி வைத்தோம், களத்தில் இனி எவளும் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் தறிச் சைகைதான், காதைச் சொறிந்தால் பின்னால் ஆள் வருகிறது என்று. மீதி ஆட்டமெல்லாம் எங்களுக்கே.

இறுதி ஆட்டத்துக்கு அதே சேலத்து அணிதான் வந்தது. சத்தமே இல்லாமல் பந்து கைமாறுவதைப் பார்த்து அவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். என்றாலும் விடவில்லை, முடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். அப்போது என்னை ஒருத்தி இடித்துத் தள்ள, எனக்கு இரண்டு பிரீ த்ரோ கிடைத்தது. முதல் பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. கூட்டம் சிரித்தது, நான் பந்தை மறுபடி கையில் வாங்கினேன். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு அடுத்த நிமிஷம் தறியை ஓட்டுகிறவள்தானே நான், இதற்கு மட்டும் எதற்கு நின்று அழ வேண்டும்? மூச்சை இழுத்துவிட்டு, முட்டியை மடக்கி, வளையத்தை மட்டும் பார்த்து விட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது! உன் அப்பா மேலே கேலரியில் நின்று, "அது நம்மூட்டுக்காரிங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் உலுக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஏன் காதையே சொறிந்தீர்கள் என்று சேலத்துக்காரிகள் கேட்டதற்கு, "கொசுக்கடிங்க" என்றாளே பாப்பாயி!

ஆபீசில் ஒரு கணக்குத் தப்பாய்ப் போனதிலிருந்து மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை என்றாயே சாமி. தவறிய பந்தைப் பார்த்துச் சிரித்த கூட்டம்தான் அடுத்த பந்துக்கு எழுந்து நின்று கை தட்டியது, நான் பார்த்தேன். நாளைக்கே பேசு.

வேளைக்குச் சாப்பிடு, நீ எப்போதும் மனம் கலங்காமல் நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது நல்ல முட்டிப்பட்டை ஒன்று கொடுத்துவிடு, மறந்துவிடாதே, கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா ராமாத்தாள்,
கேப்டன் (நேற்றிலிருந்து)