அவருக்கு ஹெல்மெட்டும் கழுத்துக் கவசமும்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்றே இல்லை. பாகாயம் ஆஸ்பத்திரியில் இவரை டாக்டரிடம் காட்டும் நாள், எனக்கு அரை நாள் லீவு. காலையிலேயே வரச்சொன்னார்கள், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். கழுத்துக்குள் வைத்த பிளேட் நகரவில்லை, எலும்பு சேர்ந்துவிட்டது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். வந்தவரைக்கும் வந்ததுதான் என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று. மறுபடி கார் ரேஸ் ஓட்டலாமா. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் பேச்சே இல்லை. எனக்கு நிம்மதிகூட வந்துவிட்டது. மாதனூரில் இறங்கும்போது மெதுவாகச் சொல்கிறார், ஆகஸ்ட் ரேசுக்கு அவர் சிநேகிதர் ரியாஸ் பாய் கார் தயார் செய்கிறாராம். டாக்டர் சொன்னதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

அரிசி ஊற வைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனி பஸ் லேட். ஜெர்மனிக்குப் போன சாம்பிள் ஷூ திரும்பி வந்துவிட்டது, ஹீல் கலர் சரியில்லையாம். நாள் முழுக்க அதே பேஜார்.

சாயங்காலம் சொல்லிவிட்டேன். வேண்டாம். ஒரு தடவை பிழைத்தது போதும். போன செப்டம்பரில் டிராக்கில் பிரேக் பிடிக்காமல் கார் சுவரில் போய் மோதியபோது நான் இங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ரியாஸ் பாய் போன். "உசுரோட இருக்கான் தங்கச்சி" என்றுதான் ஆரம்பித்தார். அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் எழுந்தார். ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து கோணிப்பையை இறக்கினார். பழைய ஹெல்மெட். விபத்தன்று போட்டிருந்தது. அதை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஆகஸ்ட்ல நான் போறது போறதுதான் கோமு. புதுசு வேணும்னா நீயே பாத்து எடுத்துக் குடு. இல்லன்னா இதயே மாட்டிக்கினு போறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். மிரட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கெஞ்சுகிற குரல். எங்கள் மெக்கானிக் ஷெட்டில் இப்போது இவர் சும்மா உட்கார்ந்துதான் இருக்கிறார். ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை, வேலை எல்லாம் வேலையாட்கள்தான். கஸ்டமர் வந்தால் எழுந்து நின்று சிரிக்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் நிஜம்.

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சீட்டிலேயே இருந்து ரேஸ் ஹெல்மெட் பற்றிப் போனில் படித்தேன். வேறு வழி தெரியவில்லை. அவர் போகப்போகிறார் என்றால், சரியானதைப் போட்டுக்கொண்டு போகட்டும்.

தெரிந்துகொண்டது:

ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து பழையதில் லைனிங்கைப் பிரித்துப் பார்த்தேன். நெற்றிப் பக்கம் கட்டை விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம்.

பைக் ஹெல்மெட் ஆகாது. கார் ரேசுக்கென்று தனி. உள்ளே தீப்பிடிக்காத துணி. அதற்கான முத்திரை உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். போலி முத்திரையும் விற்கிறார்களாம்.

கழுத்துக் கவசம். தோள்மேல் உட்காரும் ஒரு வளைவு, பிடரிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து இரண்டு நாடா, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டும். வண்டி மோதினால் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஆளில்லை, அது மட்டும் முன்னால் பறக்கும். நாடா அதைத்தான் பிடித்து இழுக்கிறது. தோள் பெல்ட் இரண்டும் அந்த வளைவின் மேலேயே போக வேண்டும். அளவு பெரிதாக இருந்தால் பெல்ட் வழுக்கிவிடும். வழுக்கினால் கவசம் இருந்தும் இல்லாததுபோல.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். விபத்தன்று அவர் போட்டிருந்த கவசம் வேறு யாரோ ஒருவருடையது. இரவல். பெரிய சைஸ். ஆஸ்பத்திரி வராண்டாவில் ரியாஸ் பாய் அழுதுகொண்டே சொன்னபோது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. இன்றைக்குத்தான் புரிந்தது. காலுக்குச் சேராத ஷூவை ஒருத்தருக்கும் அனுப்பிவிடாமல் பார்ப்பதற்குத்தான் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன்.

பக்கத்து சீட் சுமதி எட்டிப் பார்த்து, வீட்டுக்காரருக்குப் பைக் வாங்குகிறாயா என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

சென்னை. ரியாஸ் பாய் காரில் மூன்று பேரும். வழி முழுக்க அவர்கள் இரண்டு பேரும் என்ஜின் பேச்சு. ரியாஸ் பாய் தோல் பதனிடும் டேனரிக் குடும்பம், காலேஜிலிருந்து இவருடைய தோஸ்த். ரேஸ் கார் அவருடையது, ஓட்டுவது இவர். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தவர். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

கடை சின்னது. கடைக்காரர் வயதானவர், அவசரப்படவில்லை. புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையை அளந்தார். இவர் சிவப்புக் கலரில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். போட்டதும் நான் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன். ஹெல்மெட் தனியாக ஆடியது. ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும் என்று படித்திருக்கிறேன். கம்மி சைஸ் ஒன்று, கன்னம் பிதுங்கியது, ஆனால் அசையவில்லை. வெள்ளைதான் இருந்தது. அதுதான் என்றேன். பேசாமல் ஒத்துக்கொண்டார். முத்திரையை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன், கொக்கிக்கான ஓட்டை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

கழுத்துக் கவசத்துக்குக் கழுத்து அளவு எடுக்க வேண்டும். சட்டைக் காலரை இறக்கினார். கடைக்காரர் கையில் டேப் அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கம் அந்த ஆபரேஷன் தழும்பு. எப்போது என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், இது கழுத்து ஒடையாம பாத்துக்கறதுக்கு. ஒடஞ்ச கழுத்துக்குன்னு நான் இதுவரைக்கும் ஒண்ணு குடுத்ததில்ல."

இவர் பில் போடுங்கள் என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விற்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் கேட்டது, இவர் சீட் எவ்வளவு சாய்ந்திருக்கும், அதற்கு எந்தச் சாய்வில் எடுக்க வேண்டும் என்று. சரியான கேள்விதான். பதில் சொன்னார். மீடியம் சைஸ். ரியாஸ் பாய் கார்டு நீட்டினார்.

திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மழை. பெட்டி என் மடியில்.

ஜூன் 9, திங்கள்

அத்தைக்குத் தெரிந்துவிட்டது, தன் பிள்ளை மறுபடி ரேசுக்குப் போகப்போகிறான் என்று. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டார். காலையில் நான் டிபன் கட்டும்போது அடுப்பங்கரை வாசலில் நின்றார். கத்தவில்லை.

"அவன் கேப்பான். அவனுக்குப் புத்தி அவ்ளோதான். நீ எப்படிம்மா கையில எடுத்துக் குடுத்த?"

பஸ் ஹார்ன் அடித்தது. போய்விட்டேன். பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், தூசி என்று நினைத்திருப்பார்கள். நான் வாங்காமல் இருந்தால் நசுங்கிய ஹெல்மெட்டோடு போவார். வாங்கியதால் நல்ல ஹெல்மெட்டோடு போகிறார். இரண்டிலும் போகிறார். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது.

ஜூன் 12, வியாழன்

அத்தை என்னோடு பேசவில்லை. தலைவலி. ஹீல் கலர் ஓகே ஆகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

எழுத உட்கார்ந்து நேரமாகிறது.

ரேசுக்கு ஒரு சோதனை உண்டு. முழு உடுப்போடு பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற டிரைவர், யார் உதவியும் இல்லாமல், குறித்த நேரத்துக்குள் காரிலிருந்து வெளியே வந்து காட்ட வேண்டும். தீப்பிடித்தால் என்பதற்காக. முன்னால் இவருக்கு இது விளையாட்டு. ரியாஸ் பாய் முதலில் இங்கேயே பழகிப் பார்க்கலாம் என்று, மூடிக்கிடக்கிற அவர்களுடைய பழைய டேனரி முற்றத்தில் காரை நிறுத்தியிருந்தார். என்னையும் வரச்சொன்னார்.

நான்தான் மாட்டிவிட்டேன். கவசத்தைத் தோளில் இறக்கி, ஹெல்மெட் போட்டு, நாடாக்களை இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டி, பெல்ட் இரண்டும் கவசத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து. எல்லாம் சரி. அவ்வளவு கச்சிதமாக இருந்தது. தலை முன்னாலும் போகாது, பக்கவாட்டிலும் திரும்பாது.

ரியாஸ் பாய் போனில் நேரம் வைத்தார். பெல்ட் கழன்றது. ஜன்னலில் வலை இருக்கிறது, அதன் கொக்கி வலது பக்கம். தலை திரும்பாததால் கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் தேட வேண்டும். மரத்த விரல். கொக்கி மேலேயே கை இருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி தாண்டிப் போகிறது. நான் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்துவிட்டேன், ரியாஸ் பாய் பேசாதே என்று கை காட்டினார்.

இன்னொரு தடவை. அப்புறமும் ஒரு தடவை. அதற்குப் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் கண்ணாடியில் அடித்ததால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கவசம் அதையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"கழட்டு கோமு" என்றார்.

கழற்றிவிட்டேன். ரியாஸ் பாய் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அத்தை பாயசம் வைத்தார். காரணம் சொல்லவில்லை. என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டார். இவர் தொடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஷெட்டுக்குப் போவதில்லை. ஷேவ் செய்வதில்லை. டிவி ஓடுகிறது, பார்ப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார், போதுமா என்றால் போதும் என்கிறார். ரியாஸ் பாய் போன் செய்தால் எடுப்பதில்லை.

இவர் செத்துப் போய்விடுவாரோ என்று செப்டம்பரிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன். உயிரோடுதான் இருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நான் கேட்டது இந்த ஆளையா. ஆஸ்பத்திரியில் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தபோதுகூட என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினவர்.

அமிர்திக்கு ஒரு நாள் போய் வரலாமா, அருவியில் தண்ணீர் வருகிறதாம் என்றேன். "நீ போய்ட்டு வா" என்றார்.

ஜூன் 25, புதன்

நேற்றும் இன்றும் சாயங்காலம் வீட்டில் இல்லை. ஷெட் என்றார். முகத்தில் ஷேவ். ராத்திரி இரண்டு தோசை கூடுதல். அத்தைக்கு ஒரே ஆனந்தம், பிள்ளை தெளிந்துவிட்டான் என்று. எனக்கும்தான். கேள்வி கேட்டால் கலைந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

ஹெல்மெட் பெட்டி பரணில் இல்லை. துணி எடுக்க ஏறியபோது பார்த்தேன். கீழே இறங்கி வந்து குழம்பைக் கிளறினேன்.

ஜூன் 27, வெள்ளி

வேலூரில் வேறு ஒரு டாக்டரிடம் உடல் தகுதிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாராம். அவரே சொன்னார், சாதாரணமாக, பால் வாங்கிவிட்டேன் என்பதுபோல. கழுத்தைப் பார்த்தாரா அந்த டாக்டர் என்றேன். சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ரியாஸ் பாய் போன். குரலைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வெளிய வந்துட்டான் தங்கச்சி. இடது கையாலயே. டைமுக்குள்ள."

இவர் தினமும் டேனரி முற்றத்தில் பழகியிருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது கையைக் குறுக்கே போட்டு அந்தக் கொக்கியைத் திறந்து திறந்து. ரியாஸ் பாய் அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. நல்லது அண்ணா என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. இடது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். எட்டு ஒன்பது மாதமாக நான் பார்க்காத முகம். அந்த முகத்தைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது, அதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மஞ்சள் பொடி எடுத்து வந்து வைத்தேன். எரியும் என்றேன். சிரித்தார்.

கையை என்னிடம் விட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வெளியே வருவதற்கு இடது கை பழகிவிட்டது. ஆனால் நாடாவை மாட்டுவதற்கு இரண்டு கை வேண்டும், அது அவரால் ஆகவில்லை. டிராக்கில் யாராவது மாட்டிவிடுவார்கள், அவசரத்தில் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் போய்விட்டால் என்று பயமாக இருக்கிறதாம். ரேஸ் என்று ஆரம்பித்ததிலிருந்து இவர் வாயில் பயம் என்ற வார்த்தையை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"நீ வந்து மாட்டி விடுறியா கோமு?"

உள்ளே அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, வருகிறேன் என்று சொன்னேன். நாளைக்குக் கம்பெனியில் ஆகஸ்ட் ரேசுக்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.