மிளகாய்க்கு அக்குளில் தையல்

மார்ச் 4, செவ்வாய்

மிளகாய்க்கு இன்றோடு நான்கு மாதம். என் மகளுக்கு நான் வைத்த பெயர். ஆளும் அந்த அளவுதான். பால் குடிக்க ஆரம்பித்தால் நாலு வாய்க்குள் வியர்த்து, மூச்சு வாங்கி, களைத்துத் தூங்கிவிடுகிறாள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. இனி மருந்தால் தள்ளிப்போட முடியாது, அடைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா, "எங்க பக்கம் யாருக்கும் இதயத்துல ஓட்டை கிடையாது" என்றார். இதயம் இருந்தால்தானே ஓட்டை விழ? வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இங்கே எழுதியாயிற்று. நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

அறுவை சிகிச்சை செய்யப்போகிறவரைப் பார்த்தோம். நெஞ்செலும்பைப் பிளக்க மாட்டார்களாம். வலது அக்குளுக்குக் கீழே சின்னதாகக் கீறி, விலா எலும்புகளுக்கு நடுவே புகுந்து, ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுத் தைப்பார்களாம்.

"தழும்பு கைக்கு அடியில ஒளிஞ்சுக்கும். ஆனா உள்ள நடக்கறது பெரிய ஆபரேஷன்தான். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுதான் தைக்கணும். அதுவரைக்கும் ரத்தத்தை மெஷின் ஓட்டும்" என்றார், மறைக்காமல்.

இவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். டாக்டர் முதலில் நாடி பிடித்துப் பார்த்தது மிளகாயின் அப்பாவுக்குத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

"அவ்வளவு சின்னக் கீறல் வழியா எப்படி உள்ள போவாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"உங்க மூக்கு எல்லா இடத்துலயும் போகலையா அண்ணி, அதே மாதிரிதான்."

பேச்சுவார்த்தை நின்றது. வீடு சொர்க்கம்.

மார்ச் 19, புதன்

காலையில் ஆபரேஷனுக்கு மிளகாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. என்ன எழுத — ஒண்ணும் ஓடல. இவர் நடைபாதையை அளந்துகொண்டிருக்கிறார். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதாத கையைப் பிடித்துக்கொண்டார். நெரிக்கிறார் என்பதே சரி.

"ஏதாவது பேசேன். என்னைத் திட்டவாவது செய்" என்கிறார்.

ஒரு வார்த்தை வரல. எவ்வளவு சேர்த்து வெச்சிருந்தேன். எல்லாம் எங்க போச்சு?

மார்ச் 20, வியாழன்

நேற்றே முடிந்தது. ஓட்டை மூடியாயிற்று, இதயம் தன் வேலையைத் தானே பார்க்கிறது. குழாய்களுக்கு நடுவே தூங்குகிறாள். அழுதேன். போதும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணி மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். மிளகாய் தையல் போட்ட பக்கத்துக் கையையே தூக்கி, அவருடைய கண்ணாடியைப் பறித்து வீசினாள். அது சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. நான் குனிந்து எடுத்து, துடைத்து, சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணி கையை நீட்டினார். "குடு, மாட்டிக்கறேன். இன்னொரு தரம் வீசட்டும்."