நம் சாவடியின் இரண்டாவது ஓட்டு

மகளுக்கு,

வீட்டை விற்றுவிட்டு டென்வருக்கு வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். நீ ஓட்டுப் போட்டாயா இல்லையா என்று ஒரு வரி இல்லை.

நம் வாக்குச்சாவடியில் டெமாக்ரட் கட்சிக்கு எப்போதும் இரண்டே ஓட்டு. மற்றதெல்லாம் ரிபப்ளிகனுக்கு. அந்த இரண்டும் நானும் உன் அம்மாவும் போடுபவை என்று இந்தக் கவுண்டி ஜனங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் இல்லாமல் வந்த முதல் தேர்தல் இது.

காப்பிக்கடையில் ரிபப்ளிகன்காரன் வெர்லின் சிரித்தான். "ஒத்தை ஓட்டுக்காக இடுப்பு வலியோட எதுக்குய்யா போறே? பேசாம வீட்ல படு."

"நீ போறப்ப என்னையும் ஏத்திக்கிட்டுப் போ," என்றேன். அவன் வண்டியிலேயே போய், அவன் கட்சிக்கு எதிராகப் போட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பத்திரிகையில் சாவடிவாரியாக முடிவு வந்தது. வெர்லின்தான் கடையில் உரக்கப் படித்தான். நம் சாவடியில் டெமாக்ரட்டுக்கு இரண்டு.

"இன்னொண்ணு யாருய்யா?" என்றான்.

"என்னோடது ஒண்ணுதான். மிச்சத்தை உங்களுக்குள்ள கேட்டுக்கோங்க," என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி காப்பியை ஆறவிட்டார்கள்.

அது யாரென்று எனக்கும் தெரியாது. அதே மேசையில்கூட உட்கார்ந்திருக்கலாம். வாய் திறந்து சொல்ல முடியாத அந்த ஆளை இங்கே தனியாக விட்டுவிட்டு நான் வருவதாக இல்லை. வீட்டை வாங்க ஆள் பார்க்காதே.

உன் அப்பா